அந்த மலையூரில் 'டெம்பிள்' இருக்கிறதாமே! வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரண்டு இதழ்களுக்கு முன்னால், தெற்கு பிரான்ஸின் செவென் மலைப்பகுதியில் லு பொன் த மொன்வேர் என்ற ஊரில் ஒரு அக்டோபரில் பத்து நாள் தங்கியதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நாலே நாலு பத்தி எழுதியிருந்தேன். கல் பாலம், மணிக்கூண்டு, படிப்படியாகச் சரியும் கல்சுவர்கள், காலையில் புகைநாற்றம், பட்டுக்கும் சிறையில் கிடந்த ஒரு பெண்ணுக்கும் ஒவ்வொரு வரி, அவ்வளவுதான். அதற்கு வந்திருக்கும் கேள்விகளைப் பார்த்தால் எழுதாமல் விட்டதுதான் அதிகம் போலிருக்கிறது. இந்த வாரம் சினிமா கேள்விகளுக்கு விடுமுறை.

*

கேள்வி: பிரான்ஸின் தெற்கு என்றால் லாவெண்டர் வயல், நீலக் கடல் என்றுதான் எல்லோரும் போகிறார்கள். நீங்கள் ஏன் சார் பெயரே வாயில் நுழையாத ஊருக்குப் போனீர்கள்?
– ஒரு வாசகர், கோவை

காரணம் கொஞ்சம் அல்பமானது. அங்கே அறை வாடகை குறைவு. லாவெண்டர் எல்லாம் ரோன் ஆற்றுக்குக் கிழக்கே, புரோவான்ஸ் பக்கம். செவென் ஆற்றுக்கு மேற்கே, நடுபிரான்ஸின் பெரிய மலைத்திட்டு தெற்கே வந்து சரியும் விளிம்பில் இருக்கிறது. வடக்கே 1,699 மீட்டர் உயரத்தில் மோன் லொசேர் என்ற மொட்டை மலை. அதில் பிறக்கும் தார்ன் ஆறு இந்த ஊரின் நடுவே பாறை மேல் விழுந்து ஓடுகிறது, அதன்மேல் முதுகு வளைந்த ஒரு பாலம், பாலத்தின் ஒரு முனையில் கோபுரம். ஊர்ப்பெயரைப் பிரித்தால் பச்சைமலைப் பாலம். இப்போது வாயில் நுழைகிறதா?

லொசேர் மாவட்டம் முழுவதற்கும் மக்கள்தொகை ஏறக்குறைய 76,000. பிரான்ஸின் ஐரோப்பிய நிலப்பரப்பில் இதைவிடக் குறைவாக மக்கள் வாழும் மாவட்டம் கிடையாது. 2016இல் இந்த ஊரையும் பக்கத்து ஊர்கள் இரண்டையும் ஒரே ஊராட்சியாகச் சேர்த்தார்கள், சேர்த்தும் சில நூறு பேர்தான் தேறினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் யாராவது எதிரே வந்தால் கட்டாயம் 'போன்ஸ்வார்' சொல்லியாக வேண்டும். சொல்லாமல் போனால் மறுநாள் ரொட்டிக் கடையில் முகம் மாறியிருக்கும். எனக்கு ஒருமுறை மாறியது.

*

கேள்வி: மேப்பில் தேடினேன். அந்த ஊரிலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் 'டெம்பிள்' 'டெம்பிள்' என்று காட்டுகிறதே, அங்கே நம் கோயில் இருக்கிறதா? நீங்கள் ஏன் அதை எழுதவில்லை?
– ஒரு வாசகி, கும்பகோணம்

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த வாரப் பக்கத்தையே அந்த ஊருக்கு எழுதிக்கொடுத்தேன் அம்மா. நானும் முதல் நாள் அந்தப் பலகையைப் பார்த்துச் செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று ஒரு கணம் தடுமாறியவன்தான். பிரெஞ்சு புராட்டஸ்டன்ட்டுகள் தங்கள் வழிபாட்டு இடத்தை 'தாம்ப்ள்' என்பார்கள், 'சர்ச்' என்று பொருள்படும் 'எக்லீஸ்' என்ற சொல் கத்தோலிக்கர்களுக்கு. உள்ளே போனால் சிலை இல்லை, படம் இல்லை, மெழுகுவத்தி வரிசை இல்லை. வெள்ளைச் சுவர், மர பெஞ்சு, பிரசங்க மேடை, விரித்து வைத்த பைபிள். பழைய பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி இருக்கும்.

ஆனால் அந்த வெறுமைக்குப் பின்னால் இருப்பது பெரிய கதை. பிரான்ஸ் கத்தோலிக்க நாடு, ஆனால் செவென் மலை 16ஆம் நூற்றாண்டிலேயே பெருமளவு புராட்டஸ்டன்ட்டாக மாறிவிட்டது. 1598இல் நான்காம் ஹென்றி மன்னர் நாந்த் நகரில் போட்ட ஆணை அவர்களுக்கு வழிபடும் உரிமை கொடுத்தது. 1685இல் அவருடைய பேரன் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தார். கோவில்களை இடித்தார்கள், போதகர்களை நாட்டைவிட்டுத் துரத்தினார்கள். மதம் மாறாதவன் வீட்டில் படைவீரர்களைக் குடிவைப்பது ஒரு முறை, அவன் மாறுகிற வரைக்கும் வீரர்கள் சாப்பிட்டுக்கொண்டும் உடைத்துக்கொண்டும் இருப்பார்கள். சுமார் 2 லட்சம் பேர் நாட்டை விட்டே ஓடினார்கள். மலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஓடவில்லை, ராத்திரியில் காட்டுக்குள் கூடினார்கள். பிடிபட்ட ஆணுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை, பெண்ணுக்குச் சிறை, போதகருக்குச் சாவு.

இனி நம் ஊர்ப் பாலத்துக்கு வருவோம். அபே து ஷைலா என்ற கத்தோலிக்கக் குரு, ஓடப் பார்த்துப் பிடிபட்ட புராட்டஸ்டன்ட்டுகளை இந்த ஊரில் தான் தங்கியிருந்த வீட்டிலேயே அடைத்து வைத்திருந்தார். சித்திரவதையும் நடந்தது. 1702 ஜூலை 24 இரவு ஐம்பது அறுபது பேர் பைபிளின் சங்கீதப் பாடல்களைப் பாடிக்கொண்டே வந்தார்கள், கைதிகளை விடுவித்தார்கள், வீட்டுக்குத் தீ வைத்தார்கள். தப்பிக்கக் குதித்துக் காலை உடைத்துக்கொண்ட அந்தக் குருவைக் கண்டுபிடித்து ஆளுக்கொரு குத்தாகக் குத்திக் கொன்றார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவர்களில் ஒருவரான எஸ்ப்ரி செகியேவை மூன்று வாரத்துக்குள் பிடித்து, வலது கையை வெட்டி, இதே ஊரில் உயிரோடு எரித்தார்கள். அங்கிருந்து தொடங்கியது காமிசார் போர். 'காமிசோ' என்றால் அந்த மலைப்பேச்சில் சட்டை. சீருடை இல்லாமல் வெறும் சட்டையோடு சண்டை போட்டவர்கள் என்பதால் வந்த பெயர் என்பார்கள்.

சண்டை போட்டவர்கள் யார் தெரியுமா? ஆடு மேய்த்தவன், கம்பளி சீவியவன், ரொட்டிக் கடையில் வேலை பழகிய பையன். அந்த ரொட்டிக் கடைப் பையன் ஜான் கவாலியே, 21 வயதில் அரசப் படைகளைத் தோற்கடித்தவன், பிற்பாடு ஆங்கிலேயப் படையில் ஜெனரலாகி ஜெர்சித் தீவின் துணை ஆளுநராகக் காலமானான். மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1703 இலையுதிர் காலத்தில் கலகக்காரர்களுக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்று 466 கிராமங்களையும் குடியிருப்புகளையும் அழிக்க உத்தரவு போனது. 1704 முடிவதற்குள் போர் அடங்கிவிட்டது. ஒளிந்து வழிபடுவது மட்டும் 1787இல் சகிப்பு ஆணை வரும்வரை, அதாவது இன்னும் மூன்று தலைமுறை, நீடித்தது.

இன்று நிற்கும் 'டெம்பிள்'களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியவை. நேரம் இருந்தால் தெற்கே மா சூபெரான் என்ற குக்கிராமத்தில், ரோலான் என்ற காமிசார் தலைவனின் வீட்டில் அமைந்த அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். மடக்கினால் தானியப் பீப்பாய் ஆகிவிடும் பிரசங்க மேடை அங்கே இருக்கிறது. கொண்டைக்குள் ஒளித்துவைக்கிற அளவில் ஒரு பைபிளும் இருக்கிறது. கொண்டை போடுகிற நாட்டுக்காரனான எனக்கு அதைப் பார்த்ததும் சட்டென்று புரிந்தது, பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

*

கேள்வி: இன்னும் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்ற பகை அங்கே இருக்கிறதா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

இல்லை. நினைவு மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் முதல் ஞாயிறு அந்த அருங்காட்சியகத்தின் மரநிழலில் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள், சாப்பாட்டுக் கூடையோடு.

*

கேள்வி: பெண்களைச் சிறையில் போட்டார்கள் என்று நீங்கள் முன்பு ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போனீர்கள். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள் அண்ணா.
– ஒரு கல்லூரி மாணவி, திருநெல்வேலி

மரி துய்ரான் என்ற பெண்ணைப் பற்றித்தான் அந்த வரி. செவெனுக்குச் சற்று வடக்கே விவாரே பகுதியைச் சேர்ந்தவள். அண்ணன் ரகசியப் போதகர். அவனைப் பிடிக்க முடியாமல் குடும்பத்தைப் பிடித்தார்கள். 1730இல், 19 வயதில், கடலோரம் எக்மோர்த் கோட்டையின் கோபுரச் சிறைக்குள் போனவள் வெளியே வந்தது 1768இல். 38 வருடம். 'இனிமேல் ரகசியக் கூட்டத்துக்குப் போகமாட்டேன், மதம் மாறுகிறேன்' என்று சொன்னால் கதவு திறந்திருக்கும். சொல்லவில்லை. அண்ணனை 1732இலேயே தூக்கிலிட்டுவிட்டார்கள். கோபுரத்தின் நடுவில் தரையில் இருக்கும் வட்டத் துவாரத்தின் கல் விளிம்பில் 'ரெஜிஸ்தே' என்று ஒரு சொல் கீறியிருக்கிறது. 'எதிர்த்து நில்' என்று பொருள். அதைக் கீறியது அவள்தான் என்பது மரபு. மலை ஊர்க்காரர்கள் அந்த ஒரு சொல்லை மறக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையிடமிருந்து தப்பிவந்த யூதக் குடும்பங்களை இதே செவென் வீடுகளில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள்.

*

கேள்வி: நான் பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்னவில் இருக்கிறேன். செவெனில் பழைய கல்வீடு மலிவாகக் கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், பிரான்ஸ்

வாங்குங்கள், ஆனால் தோட்டத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று பத்திரம் எழுதும் நோத்தேரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புராட்டஸ்டன்ட்டுகளைக் கத்தோலிக்க இடுகாட்டில் புதைக்க விடாத காலத்தில் அவரவர் நிலத்திலேயே புதைத்தார்கள். படிவயலின் ஒரு மூலை, நாலு கல், ஒரு சைப்ரஸ் மரம். அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை, இன்றும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வாங்கிச் சொந்த நிலத்தில் அடக்கம் செய்கிறவர்கள் உண்டு. நீங்கள் வீட்டை வாங்கினாலும் அந்தக் கல்லறை உங்களுடையது ஆகாது, இறந்தவரின் வாரிசுகள் எப்போது வேண்டுமானாலும் வந்து போகும் உரிமை சட்டப்படி அப்படியே இருக்கும். நல்ல உரிமை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ராத்திரி தனியாக இருக்கப் பயப்படுகிறவருக்கு வேண்டுமானால் சிக்கல்.

அப்புறம் கூரை. தெற்குச் சரிவு முழுக்க ஏடு ஏடாகப் பிரியும் கல், அதையே பலகையாகப் பிளந்து கூரையாக அடுக்கியிருப்பார்கள். அழகு கொள்ளை அழகு, எடையும் கொள்ளை எடை. கீழே உத்திரம் உளுத்திருந்தால் வீட்டு விலையைவிடக் கூரைச் செலவு அதிகமாகும். காட்டை ஒட்டிய வீடு என்றால் சுற்றிலும் 50 மீட்டருக்குப் புதரை வெட்டிச் சுத்தமாக வைப்பது சட்டப்படி உங்கள் பொறுப்பு, காட்டுத்தீ பயம். தண்ணீர் ஊற்றிலிருந்து வருகிறதா, கோடையில் அது வற்றுமா என்பதை ஆகஸ்ட் மாதம் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், ஏப்ரலில் பார்த்தால் எல்லா ஊற்றும் அருவிதான்.

*

கேள்வி: காலையில் புகைநாற்றம் என்று எழுதியிருந்தீர்கள். என்ன எரித்தார்கள்?
– ஒரு வாசகர், சேலம்

செஸ்நட் உலர்த்தும் புகை. நம் கண்ணுக்கு அது ஏதோ கொட்டை. அங்கே பல நூற்றாண்டாக அதுதான் சோறு, மரத்துக்கே 'ரொட்டி மரம்' என்று பெயர். கோதுமை விளையாத சரிவில் விளையக்கூடியது அது ஒன்றுதான். இந்த ஊரே கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், செஸ்நட்டுக்கு அதுவே எல்லை. இதற்குக் கீழே இறங்கும் பள்ளத்தாக்குகள்தான் அதன் ராஜ்யம்.

'க்ளேத்' என்று ஒரு குட்டிக் கல்வீடு இருக்கும். கீழே தரை, மேலே மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த மச்சு. மச்சில் செஸ்நட்டைக் கொட்டிப் பரப்பிவிட்டு, கீழே தீ எரியவிடாமல், அணையவும் விடாமல், வெறும் கங்கும் புகையுமாக மூன்று நாலு வாரம், சில வீடுகளில் அதற்கு மேலும், ராப்பகலாகக் காப்பார்கள். காய்ந்ததும் கோணியில் போட்டுக் கட்டையில் அடித்தால் ஓடு உடைந்து பருப்பு மட்டும் நிற்கும். அது வருடக்கணக்கில் கெடாது. அதைத் தண்ணீரில் ஊறவைத்து மணிக்கணக்கில் வேகவைத்தால் 'பஜானா' என்ற கஞ்சி. நான் குடித்தேன். முதல் கரண்டியில் புகை, இரண்டாவதில் இனிப்பு, மூன்றாவதில் ஊறுகாய் இல்லையே என்ற ஏக்கம். சைவர்கள் கவனிக்க, பால் ஊற்றுகிற வீடும் உண்டு, பன்றிக்கொழுப்புத் துண்டு போடுகிற வீடும் உண்டு. கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

19ஆம் நூற்றாண்டில் வேரைக் கறுக்கவைக்கும் ஒரு நோய் வந்தது, தோல் பதனிடும் சாறு எடுக்கத் தோப்பு தோப்பாக வெட்டினார்கள், 20ஆம் நூற்றாண்டில் பட்டையைத் தின்னும் இன்னொரு பூஞ்சை. ஊரை விட்டு ஆட்களும் போய்விட்டார்கள். இன்று நீங்கள் நடக்கும் காட்டில் பாதி, யாரோ ஒட்டுப்போட்டு வளர்த்து ஆள் இல்லாமல் விட்ட தோப்புதான்.

*

கேள்வி: ஐயா, நாங்கள் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறோம். பிரான்ஸிலும் மலைக்காட்டில் பட்டு வளர்த்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே, நம்பவே முடியவில்லை. குளிரில் புழு எப்படித் தாங்கும்?
– ஒரு விவசாயி, தருமபுரி மாவட்டம்

உங்களைத்தான் அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும், எனக்குப் பாதி புரியவில்லை. 1709இல் கொடிய குளிர் வந்து ஒலிவமும் செஸ்நட்டும் கொத்துக்கொத்தாகச் செத்தன. அதற்குப் பிறகு கீழ்ப் பள்ளத்தாக்குகளில் மல்பெரி நடுவது பரவியது, 'தங்க மரம்' என்று பெயர் வைக்கும் அளவுக்கு. நீங்கள் செடியாக வைத்து ஒடிப்பீர்கள், அவர்கள் ஆள் ஏறும் மரமாக வளர்த்து இலையை உருவினார்கள். வருடத்துக்கு ஒரே ஒரு அறுவடை, வசந்தத்தில்.

முட்டையைப் பொரிக்கவைக்க வெப்பம் வேண்டுமே? சின்னத் துணிமுடிப்பில் முட்டையைக் கட்டிப் பெண்கள் பாவாடைக்குள், மார்புக்கச்சைக்குள் வைத்துக்கொண்டு நடமாடினார்கள். உடம்புச் சூடுதான் இன்குபேட்டர். பிறகு புழு 'மாஞ்ஞான்ரி' என்ற வளர்ப்புமனைக்குப் போகும். உயரமான கல் கட்டடம், ஜன்னல் சிறியது, நாலு மூலையிலும் அடுப்பு. அங்கே போய்ப் பார்த்தால் அடுக்கடுக்கான தட்டுகளுக்கான சட்டங்கள் சில இடங்களில் இன்னும் நிற்கின்றன. நாலு தோலுரிப்பு முடிந்து கடைசிப் பருவத்தில் புழு பேய்ப்பசியில் தின்னும் நாட்களுக்கு 'ஃப்ரேஸ்' என்று தனிப் பெயர். இலை கடிக்கும் சத்தம் ஓட்டின் மேல் மழை பெய்வது போல் கேட்கும் என்பார்கள், நீங்கள் தினமும் கேட்கிற சத்தம்தான். கூடு கட்ட நீங்கள் சந்திரிகை வைக்கிறீர்கள், அவர்கள் மலையில் தானாக முளைக்கும் ஹெதர் புதரை ஒடித்துவந்து தட்டுகளுக்கு நடுவே வளைத்துச் செருகினார்கள்.

1853இல் பிரான்ஸ் முழுவதும் 26,000 டன் பட்டுக்கூடு விளைந்தது, அதுதான் உச்சம். அடுத்த சில வருடங்களில் பெப்ரின் நோய் வந்து சரசரவென்று எல்லாம் விழுந்தது. புழுவின் மேல் மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளி, அதுதான் அடையாளம். 1865இல் லூயி பாஸ்தரை அலேஸ் நகருக்கு அனுப்பினார்கள். அதுவரை அவர் பட்டுப்புழுவைத் தொட்டதுகூட இல்லை. அதன்பிறகு ஐந்தாறு வருடம் பருவம் பருவமாக அங்கே வந்து தங்கி, நடுவில் 1868இல் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தும் விடாமல், ஒரு வழி கண்டுபிடித்தார். முட்டையிட்ட தாய்ப்பூச்சியைத் தனித்தனியாக நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, அதில் கிருமி இருந்தால் அந்த முட்டையை எரித்துவிடுவது.

இப்போது உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சாக்கிப் புழு என்கிற இளம்புழுவோ, நோயற்ற முட்டைத் தொகுதியோ வாங்குகிறீர்கள் அல்லவா, அந்த 'நோயற்ற' என்ற சொல்லுக்குப் பின்னால் முட்டை உற்பத்தி நிலையத்தில் நடப்பது அதே தாய்ப்பூச்சிப் பரிசோதனைதான். அலேஸில் பாஸ்தர் செய்தது ஓசூர், தருமபுரி வரைக்கும் வந்திருக்கிறது.

செவென் பட்டு மட்டும் தப்பவில்லை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து ஆசியப் பட்டு மலிவாக வந்து இறங்கியது, பின்னால் செயற்கைப் பட்டு. சேன் ஜான் து கார் என்ற ஊரில் இருந்த நூற்பாலை 1965இல் மூடியது, நாட்டிலேயே கடைசியாக ஓடியது அதுதான். இப்போது அந்தக் கட்டடம் அருங்காட்சியகம்.

*

கேள்வி: கீதாரிகள் மாதிரி ஆடு ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் அங்கே உண்டா?
– ஒரு வாசகர், ராமநாதபுரம்

உண்டு. கீழே சமவெளியில் கோடையில் புல் கருகிவிடும். ஜூன் நடுவில் மந்தைகள் மோன் லொசேருக்கும் எகுவால் மலைக்கும் ஏறும், செப்டம்பரில் இறங்கும். மலை முதுகில் அவற்றின் தடம் இருக்கிறது, 'த்ராய்' என்பார்கள், ரோமானிய ரோட்டுக்கும் முந்தையது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஏறும்போது முன் ஆடுகளுக்குப் பெரிய மணி, முதுகில் சாயம், கலர் கலராகக் கம்பளிக் குஞ்சம், பொங்கல் மாடு தோற்றுப்போகும். இப்போது பாதிக்கு மேல் லாரியில்தான் ஏறுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய விஷயம் ஒன்று. அங்கேயும் கிடை போட்டிருக்கிறார்கள்! மலையில் 'ரை' என்ற தானியம் விளையும் வயலுக்கு எரு கிடையாது. அதனால் மந்தை எந்த வயலில் எத்தனை ராத்திரி படுக்கிறது என்பதற்குப் பேரம் நடக்கும், மேய்ச்சலுக்குக் கூலியாக 'இத்தனை ராத்திரி எரு' என்று கணக்கு. 12ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த மேய்ச்சல் நிலத்தில் பெரும்பகுதி, பின்னால் மால்ட்டா வீரர்கள் என்று பெயர் பெற்ற சிலுவைப் போர்ச் சபையிடம் இருந்தது. அவர்கள் சிலுவை வெட்டி நட்ட எல்லைக்கற்கள் புல்லுக்குள் இன்னும் நிற்கின்றன. நான் ஒன்றின் மேல் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுவிட்டுப் பிறகுதான் சிலுவையைப் பார்த்தேன்.

*

கேள்வி: அந்த ஊர்களில் சர்ச்சே இல்லாத இடத்தில் தனியாக ஒரு மணிக்கோபுரம் நிற்கிற படம் பார்த்தேன். எதற்கு?
– ஒரு பள்ளி மாணவன், ஈரோடு

நல்ல கண் தம்பி உனக்கு. பனிப்புயல் மணி அது. மோன் லொசேர் மேல் புயல் அடித்தால் இரண்டடி முன்னால் இருப்பது தெரியாது, பாதையும் மூடிவிடும். வயலிலிருந்தோ சந்தையிலிருந்தோ திரும்புகிறவர்கள் வழி தவறி உறைந்து செத்துப்போவார்கள். அதனால் மலையடிவாரக் குடியிருப்புகளில் கல்லை அடுக்கி ஒரு மணியைத் தொங்கவிட்டு, புயல் அடங்கும் வரை ஆள் மாற்றி ஆள் அடித்துக்கொண்டே இருப்பார்கள். சத்தம் வரும் திசையில் நட. அவ்வளவுதான் ஜிபிஎஸ்.

*

கேள்வி: கல்சுவர் கல்சுவர் என்று உருகியிருந்தீர்கள். யுனெஸ்கோ பட்டம் கொடுக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? ஏழைகள் வயிற்றுப்பாட்டுக்குக் கட்டியதைப் பணக்காரர்கள் இப்போது வேடிக்கை பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.
– ஒரு வாசகர், மதுரை

உங்கள் இரண்டாவது வரியோடு எனக்குச் சண்டை இல்லை. வேடிக்கை பார்க்கப் போன ஆட்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தச் சுவரைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். சாந்து கிடையாது, சிமெண்ட் கிடையாது, கல்மேல் கல், பின்னால் சல்லி. மண் நிற்காத சரிவில் சுவர் எழுப்பி, அதன் பின்னால் மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டி, மூன்று நாலடி அகலத்துக்கு ஒரு வயல் உண்டாக்கினார்கள். பேய்மழை வந்து மண் கீழே போனால் மறுபடியும் முதுகில் சுமந்து மேலே கொண்டுவந்தார்கள். மழை என்றால் சாதாரண மழை இல்லை. 1900 செப்டம்பரில் எகுவால் மலையடியில் வால்ரோக் என்ற ஊரில் 10 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கடல் காற்று சூடும் ஈரமுமாக வந்து இந்த மலையில் முட்டி மேலேறினால் இலையுதிர் காலத்தில் அப்படித்தான் ஆகும். சாந்து பூசிய சுவராக இருந்தால் பின்னால் தண்ணீர் தேங்கி வயிறு தள்ளி விழும். சாந்து இல்லாத சுவர் தண்ணீரை வழியவிட்டு மண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவன் கட்டியது என்று நினைக்காதீர்கள், பைபிள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மலையில் ஆடு மேய்த்தவனும் பிரெஞ்சு எழுத்துக் கற்றான், வீட்டுப்பேச்சு ஆக்சித்தான் மொழியில் இருந்தபோதே.

2011இல் யுனெஸ்கோ, கோஸ் பீடபூமிகளையும் செவெனையும் சேர்த்து 3,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நிலத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, மேய்ச்சலும் வேளாண்மையும் உருவாக்கிய நிலத்தோற்றம் என்பதற்காக. 2018இல் சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையே பல நாடுகளின் பெயரில் இன்னொரு பட்டியலில் ஏறியது. பட்டம் சுவரை நிமிர்த்தாது என்பது உண்மைதான். ஒரு கல் சரிந்து அதை யாரும் எடுத்து வைக்காவிட்டால், இரண்டு மழையில் பத்தடி போய்விடும். ஆனால் இன்று அந்தச் சுவரை வேலையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள், கற்றவனுக்குக் கூலியும் நன்றாகக் கிடைக்கிறது. கட்டிய சுவருக்குப் பின்னால் இனிப்பு வெங்காயம் போடுகிறார்கள். 2003இல் அந்த வெங்காயத்துக்கு நம் புவிசார் குறியீடு மாதிரி ஒரு அங்கீகாரம் கிடைத்தபிறகு, பாழாய்க் கிடந்த படிவயல்களைச் சிலர் திரும்பத் திருத்தியிருக்கிறார்கள். ஏழைகள் கட்டிய சுவரில் அவர்களுடைய பேரன் சம்பாதித்தால் அதில் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

*

கேள்வி: கழுதையோடு நடந்துபோகிற சுற்றுலா இருக்கிறதாமே, உண்மையா?
– ஒரு வாசகி, சென்னை

உண்மை. 1878இல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், ஸ்காட்லாந்துக்காரர், அப்போது 27 வயது, மோதெஸ்தீன் என்ற கழுதையோடு 12 நாள் இந்த மலையைக் கடந்தார். இந்த ஊர் வழியாகத்தான் போனார். கழுதையை 65 பிராங்குக்கும் ஒரு கிளாஸ் பிராந்திக்கும் வாங்கி, முடிவில் 35 பிராங்குக்கு விற்றுவிட்டுக் கண்கலங்கினார். அந்தத் தடம் இப்போது எண் போட்ட நடைபாதை, கழுதையும் வாடகைக்குக் கிடைக்கிறது. கழுதை உங்கள் பையைத்தான் சுமக்கும், உங்களைச் சுமக்காது. நான் அரை நாள் ஒன்றோடு நடந்தேன், யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனது என்பதில் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

*

கேள்வி: எப்போது போகலாம், எப்படிப் போகலாம்?
– மூன்று ஊர்களிலிருந்து ஒரே கேள்வி

பாரிஸிலிருந்து நீம் நகருக்கு அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். நீமிலிருந்து மலைமேல் ஏறும் சின்ன ரயிலில் ஜெனொலாக் என்ற நிலையம் வரை போகலாம், சுரங்கமும் பாலமுமாக அந்தப் பயணமே டிக்கெட் காசுக்குச் சரியாகிவிடும். அங்கிருந்து ஒரு கணவாய் தாண்டி மலைச்சாலை. பஸ்ஸை மட்டும் நம்பிப் போகாதீர்கள், நான் நம்பினேன், 'இன்று ஓடாது' என்ற காகிதத்தை நிறுத்தத்தில் படித்துவிட்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு தேன் வியாபாரி ஏற்றிக்கொண்டார். மந்தை பார்க்க ஜூன், செஸ்நட்டுக்கு அக்டோபர். அக்டோபரில் வானிலை எச்சரிக்கை ஆரஞ்சு என்றால் ஆற்றங்கரையில் கூடாரம் போடாதீர்கள், சிவப்பு என்றால் அறையை விட்டே நகராதீர்கள்.

*

கேள்வி: அங்கிருந்து என்ன வாங்கி வந்தீர்கள்?
– ஒரு வாசகி, திருச்சி

காய்ந்த செஸ்நட் ஒரு கிலோ, பெலார்தோன் என்ற ஆட்டுப்பால் சீஸ் ஆறு வட்டு. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன வட்டு, 2000இலிருந்து அதற்கும் பெயர்க் காப்பு உண்டு. ஆறையும் துணிகளுக்கு நடுவில் சுற்றி வைத்தேன். சென்னையில் பெட்டியைத் திறந்த என் மனைவி, செஸ்நட்டை மட்டும் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டு, பெட்டியை அப்படியே மொட்டை மாடியில் வைத்துவிட்டார். சட்டைகளை மூன்று தடவை துவைத்தோம்.